பூசினாற்போல் ஒரு முகம்

கோலியனூர் கூட்ரோட்டைத் தாண்டி விழுப்புரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது முதல் பஸ் என்னைக் கடந்து போனது. கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். காட்டவில்லை. தோளில் ஒரு பை, கையில் அண்ணி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம். இடது தாடை விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. நடந்தால் வலி ஓர் அடி பின்னால் வருவதுபோல் இருக்கும். அதனால் பல்வலி வந்தாலே நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தேன். யாரும் துரத்தவில்லை, சண்டையும் இல்லை. அண்ணனுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவும் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று அண்ணி போன் செய்திருந்தார். அப்போது விக்கிரவாண்டியில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கணக்கை முடித்துக்கொண்டு வந்தேன். எனக்கென்று வீடோ குடும்பமோ இல்லாததால் இப்படிக் கூப்பிட்டவுடன் வர முடியும். இப்போது அண்ணன் மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். என் தேவை முடிந்தது. அதோடு இன்னொரு காரணமும் இருந்தது.

அண்ணனுக்கு நான் தம்பி இல்லாமல் போய்விட்டேன். போர் மோட்டார் ரிப்பேர் செய்ய வந்த மெக்கானிக் ஆகிவிட்டேன்.

"யோவ் மெக்கானிக்கு, இன்னாய்யா இட்லி துன்னுகினு உக்காந்துகினு இருக்க? மோட்டாரு எப்பய்யா ஏறும்?"

"நாளைக்கி ஏறிடும்ணா."

"நாளைக்கி நாளைக்கின்னு இதையே சொல்லு. பயிரு காயுது அங்க. ஒன்ன மாதிரி ஆளக் கூப்புட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மோட்டார் நினைவு வந்து, புண் ஆறாத காலை இழுத்துக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிடுவார். வரப்பில் இரண்டு தடவை விழுந்தார். நான் கண்ணில் படாத நாளில் டிவி முன்னால் அமைதியாக இருந்தார்.

அண்ணி அதைச் சொல்ல ரொம்பச் சங்கடப்பட்டார். அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. ஒன்னப் பாத்தாதான் அவருக்கு அந்தப் பேஜாரு புடிச்ச மோட்டாரு நெனப்பு வருது."

"எனக்கே தெரியுதுங்கண்ணி. காலைல கெளம்பிர்றேன்."

"போற எடத்துல டாக்டருகிட்ட ஒன் தலையையும் காட்டிக்க."

"எனக்கு இன்னா?"

"லாரி கவுந்த கதைய முந்தா நேத்து சொன்ன. நேத்தும் சொன்ன. இன்னிக்கி பல்லு வெளக்கிகினே முதல்லேர்ந்து ஆரம்பிக்கிற. பையன் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரல தம்பி."

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் ரோட்டில் நடக்கும்போது அந்தப் பேச்சுதான் கூடவே வந்தது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பதை அண்ணி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே கதையை மறுபடி சொல்வது, கத்தரிக்கோலைத் தேடுவது, தேடுவது கத்தரிக்கோல்தான் என்பதை மறப்பது. எனக்கும் அது வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அன்று காலை எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

அண்ணன் என்னைவிடச் சில வருஷம்தான் மூத்தவர். அவரை முதலில் அழைத்துப்போன அன்று ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் அம்மா என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு எத்தினி நாளா இப்பிடி?" என்று கேட்டார். அண்ணி குறுக்கிட்டு, "அப்பா இல்லீங்க, அண்ணன்" என்றார். அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் முதுகு வளைந்து, கண் உள்ளே போய், கைத்தோல் காகிதம்போல் ஆகியிருந்தது. முகம் மட்டும் வட்டமாக, பளபளப்பாக இருந்தது.

அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நாள் முழுக்க நடவு நட்டாலும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் கடலை பிடுங்கினாலும், மூட்டை தூக்கினாலும் சாயங்காலம் மெடிக்கலில் போய் நிற்பது வழக்கம். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. "ஒடம்பு வலி, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். கடைக்காரர் நாலு டப்பாவிலிருந்து நாலு மாத்திரையைத் தட்டி, சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார். ஒன்று மஞ்சள், ஒன்று பெரிசு, ஒன்று வயிறு எரியாமல் இருக்க. நாலாவது பொடிசாக, வெள்ளையாக இருக்கும். பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பொடிசுதான் வேலை செய்யும். தின்று படுத்தால் காலையில் புது ஆளாக எழுந்திருக்கலாம். பிறகு வலி வந்தபின் தின்பதைவிட்டு, வலி வராமலிருக்க வேலைக்குப் போகும்போதே தின்ன ஆரம்பிப்போம். டீயோடு ஒரு செட்டு. அண்ணனும் நானும் அப்படித்தான் வளர்ந்தோம் என்றே சொல்லலாம். நான் எட்டாவதோடு நின்றேன், அவர் அதற்கும் முன்னால்.

அண்ணனுக்குக் குதிகாலில் முள் குத்திப் புண்ணாகி ஆறாமல் நின்றது. ஈறு வீங்கி, பல் ஒன்று மாற்றி ஒன்று ஆடியது. செட்டு போட்டால் எல்லாம் அடங்கியது. சில வருஷத்தில் அவர் கன்னம் உப்பி, கழுத்து தடித்து, முகம் வட்டமாகிவிட்டது. ஊரில் எல்லோரும், "ஆளு நல்லா பூசினாப்ல ஆயிட்டான்யா, இப்பதான் ஒடம்புல ஒட்டுது" என்றார்கள். அண்ணிக்கும் சந்தோஷம். ஒரு கல்யாணத்தில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, "இவன் வத்தலாட்டம் இருக்கான், அண்ணனப் பாரு" என்று கேலி செய்தார்கள். அண்ணனுக்கும் அதில் பெருமைதான். நானும், அடுத்த வேலைக்குப் போனதும் அவரைப்போலத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வீங்கிய முகத்தை ஊரே சேர்ந்து ஆரோக்கியம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். அண்ணன் காலைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், இரத்தம் எடுத்தார். தலைக்குள் போட்டோ எடுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து அண்ணியிடமும் என்னிடமும் பேசினார். அவசரப்படாமல் பேசினார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம், வெளியே அவ்வளவு கூட்டம்.

"உடம்புல எங்கயாவது அடிபட்டா, கிருமி நுழைஞ்சா, உடனே அங்க ரத்தம் போய் சிவந்து வீங்குது இல்லையா? அது நல்லதுதான். காயத்தை ஆத்துறதுக்குன்னு உடம்பு ஆள் அனுப்புது. வேலை முடிஞ்சா அவங்க திரும்பிடணும். இவருக்குக் கால் புண்ணு ஆறல. ஈறு வருஷக்கணக்கா அழுகுது. சுகர் ஏறிக் கெடக்கு. பீடி வேற. அனுப்பின ஆள் திரும்பவே இல்ல. ரத்தத்துலயே சுத்திகிட்டு நல்ல எடத்தையும் உரசிகிட்டே இருக்காங்க. அதுல ரத்தக்குழாய் சீக்கிரம் வயசாயிடுது. உடம்பே சீக்கிரம் வயசாயிடுது. மூளைக்குள்ளயும் காவலுக்குன்னு சில செல் இருக்கு. வெளிய நடக்கிற கலாட்டாவுல அதுங்களும் உஷாராகி, அடங்காம, நல்ல நரம்பையே கெடுக்க ஆரம்பிச்சிடும்."

"அதாலதான் மறதியாங்க மேடம்?" என்று அண்ணி கேட்டார்.

"அது ஒண்ணாலதான்னு என்னால கைகாட்ட முடியாதும்மா. வயசு இருக்கு, சுகர் இருக்கு, பரம்பரைகூட இருக்கலாம். ஆனா இதுக்கும் அதுல பங்கு இருக்கு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன். "செட்டுல வீக்கத்த வத்த வைக்கிற மாத்திர இருக்குதுங்களே மேடம். வீக்கம் கொறைஞ்சா நல்லதுதானே?"

அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நீங்களும் போடுறீங்களா?"

"எப்பவாவது."

"வீக்கம் தெரியாமப் பண்ணினீங்க. புண்ணு புண்ணாத்தான் இருக்கு, உள்ள இன்னும் தைரியமா வளருது. அந்த மாத்திரையே சுகரை ஏத்தி, எலும்பைக் கரைச்சு, முகத்தை வீங்க வைக்குது. அளவா, டாக்டர் பாத்துக் குடுத்தா அது மருந்து. இவருக்குத் திடீர்னு நிறுத்தவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். நீங்களும் உங்க வாயைக் காட்டிடுங்க. பேசும்போதே தெரியுது."

வாய் நாறுகிறது என்பதை அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எனக்கு ரைஸ்மில் ஞாபகம் வந்தது. ஒரு மில்லில் உமி கொட்டும் இடத்தில் வேலை பார்த்தேன். உமிக்குவியல் மேலே சாம்பல் பூத்து ஆறிப்போனதுபோல் இருக்கும். நாய்கூடக் குளிருக்கு ஓரமாகப் படுக்கும். ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி மேலே ஏறிவிட்டது. கால் உள்ளே போன பிறகுதான் உள்ளே நெருப்பு இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. புகையும் இல்லை, தீயும் இல்லை, பல நாளாகக் கனிந்துகொண்டிருந்திருக்கிறது. டாக்டர் சொன்னதை நான் அப்படிப் புரிந்துகொண்டேன். சரியா தப்பா தெரியாது.

செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தவும் காலுக்குக் கட்டுப் போடவும் அண்ணிக்கு வழி சொன்னார்கள். புண் சுருங்க ஆரம்பித்தது. முகம் வற்றியது. ஊரில், "என்னய்யா இளைச்சிட்டான், கவனிக்கிறது இல்லியா?" என்று அண்ணியைக் கேட்டார்கள். மறதி மட்டும் திரும்பி வரவில்லை. போனது போனதுதான், மேற்கொண்டு போவதை மெதுவாக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இட்லியைப் பிரித்தேன். வலது பக்கமாக மெல்லத்தான் முடிந்தது. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திண்டிவனத்தில் ஒரு லாரி ஷெட்டில் எனக்குப் படுக்க இடம் கொடுப்பார்கள், அதனால் அங்கே.

பஸ் கிளம்பியதும் எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். வேலை செய்த இடங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒலக்கூர் பக்கம் கிணறு வெட்டும் கூட்டம். பிறகு லாரி கிளீனர். லாரி கவிழ்ந்தது. பிறகு மிளகாய் குடோன். அங்கே இருமல் வந்து வேலையை விட்டேன். அடுத்தது செங்கல் சூளை. சூளைக்குப் போன முதல் நாள் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், சூளையில் ஸ்வெட்டரா என்று. அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஸ்வெட்டர் ஏது? மிளகாய் குடோனில் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. நடுவில் குளிரான ஊர் ஒன்றில் இருந்திருக்க வேண்டும். ஓசூரா? ஊட்டியா? யோசித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று புறப்பட்டது. ஒன்றும் வரவில்லை. ஒரு முகம்கூட வரவில்லை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ, நான் எங்கோ சாப்பிட்டு, தூங்கி, யாரோடோ பேசியிருக்கிறேன்.

இதைக் கேட்க ஒரே ஆள்தான் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அண்ணனுக்குத்தான் சொல்வேன். முதலில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து கூப்பிடச் சொல்வேன், பிறகு செல்போன். நான் எங்கே இருந்தேன், எதனால் விட்டேன், எல்லாம் அவருக்குத் தெரியும். "அந்த ஊர்ல தண்ணி சரியில்லன்னு சொன்னியே, அங்கயா மறுபடி போற?" என்று கேட்பார். நான் மறந்ததை அவர் வைத்திருந்தார். இப்போது அவரிடம் போய்க் கேட்டால் மோட்டார் எப்போது ஏறும் என்பார். பஸ்ஸில் அவ்வளவு கூட்டம், பக்கத்து ஆள் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எழுப்ப மனம் வரவில்லை.

திண்டிவனத்தில் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் டாக்டர் நடு வயதுக்காரர், கண்ணாடி வழியாக வாய்க்குள் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு ஊரே இருக்குதேய்யா" என்றார். சுகர் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் கூடுதலாக இருந்தது, பல்லைப் பிடுங்க முடியாத அளவுக்கு இல்லை. ஊசி போட்டு ஒன்றை எடுத்தார். மற்றவற்றுக்கு வாரா வாரம் புதன்கிழமை வர வேண்டும், ஈறைச் சுத்தம் செய்ய வேண்டும், சுகருக்குத் தனியாகக் காட்ட வேண்டும் என்றார்.

நான் அவரிடம் மறதியைக் கேட்டேன். பஞ்சு வாயில் இருந்ததால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"பல்லப் புடுங்கினா ஞாபக சக்தி வரும்னு சொன்னா நான் பொய் சொல்றவன். ஆனா ஒடம்புல எரியறதுல ஒண்ணு அணையும். அது நிச்சயம். எங்கப்பா இருக்க நீ?"

காலடியில் இருந்த பையைக் கையால் காட்டினேன்.

"கூட யாரு இருக்கா? தல விஷயத்துல நமக்கே தெரியாது. கூட இருக்கறவங்கதான் கவனிச்சுச் சொல்லணும்."

பஞ்சை மறுபடி கடித்துக்கொண்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊசி போட்ட மரப்பு விட்டதும் வலி தலைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை பையில் இருந்தது. ஆனாலும் என் கால் பழக்கத்தில் ஒரு மெடிக்கல் முன்னால் போய் நின்றது.

"இன்னா, வலியா? செட்டு கட்டட்டா?"

பஞ்சை இன்னும் கடித்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். அவருக்கு அது ஆமாம் என்று பட்டுவிட்டது. டப்பாக்களைத் தட்ட ஆரம்பித்தார். கையை ஆட்டினேன்.

"ரெண்டு செட்டா?"

மறுபடி கையை ஆட்டினேன்.

"ஒண்ணுங்கிறியா, ரெண்டுங்கிறியா? வாயத் தொறந்துதான் சொல்லேன்யா, முத்து கொட்டிடுமா?"

பஞ்சைத் துப்பிவிட்டு, "வேணாங்க" என்றேன். ரத்தத்தைப் பார்த்து அவர் பின்னால் நகர்ந்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, நல்லா நின்ன போ கடை வாசல்ல" என்று மாத்திரைகளை அதனதன் டப்பாவில் போட்டார். அந்தப் பொடி வெள்ளை கடைசியாகப் போனது.

அன்று லாரி ஷெட்டில் படுத்து யோசித்தேன். நான் எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. ஓட்டலில் நான் ஒரு கதையை ஏழு தரம் சொன்னாலும் கேட்கிறவன் புதிது, லாரிக்காரன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். எனக்கு மறக்கிறது என்று யார் சொல்வது? அண்ணனுக்குச் சொல்ல அண்ணி இருந்தார். எனக்கு எப்போது ஆரம்பித்ததோ, யாருக்குத் தெரியும். தினமும் என்னைப் பார்க்கிற ஆட்கள் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் எனக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

காலையில் வீக்கம் இருந்தது, வலி பொறுக்கும்படி இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வண்டி ஸ்டாண்டு ஒன்று உண்டு. சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை விட்டுவிட்டு ரயில் பிடிப்பார்கள். முன்பு இருந்த ஆள் நின்றுவிட்டதாக லாரி ஷெட்டில் சொல்லியிருந்தார்கள். நடத்துகிற அம்மா முழங்காலில் பட்டை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வாயி இப்பிடி வீங்கிக் கெடக்கு? சண்டையா?"

"பல்லு புடுங்கினேங்க."

"குடிப்பியா?"

"இல்லீங்க."

"டோக்கன் குடுப்போம், எவனும் வாங்க மாட்டான். டெய்லி வர்றவன் வண்டிய வுட்டுட்டு ரயிலுக்கு ஓடிகினே இருப்பான். சாயங்காலம் மூஞ்சியப் பாத்ததும் அவன் வண்டிய ஜல்தியா எடுத்து நிறுத்தணும். மூஞ்சி மாத்தி வண்டியக் குடுத்தியோ, ஒன்னயும் கிழிப்பானுங்க, என்னயும் கிழிப்பானுங்க. மொதல்ல இருந்தவனுக்கு வண்டி தெரியும், ஆளு தெரியாது. ஒனக்கு ஞாபகம் நிக்குமா?"

"தெரியலீங்க. நிக்கலன்னா அவங்களே சொல்லிடுவாங்க இல்லீங்களா."

அவர் சிரித்தார். "அதெல்லாம் நல்லாவே சொல்லுவானுங்க. எத்தினி நாளு இருப்ப? நாடோடி மாதிரி இருக்க."

"புதன்கெழம காலைல மட்டும் ஆஸ்பத்திரி போவணும். பல்லெல்லாம் முடியற வரைக்கும் எங்கயும் போவ மாட்டேங்க."

"பல்லு எத்தினி பாக்கி?"

நாக்கால் தடவிப் பார்த்தேன். "நெறைய இருக்குதுங்க."

"அப்ப சரி" என்று எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார்.

பையை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கறுப்பு பைக்கில் வந்த பெண் ஹெல்மெட்டைக் கழற்றியதும், நெற்றி, மூக்கு, கன்னத்தில் இருந்த தழும்பு எல்லாவற்றையும் பார்த்தேன். "இன்னா சார் அப்பிடிப் பாக்கறீங்க?" என்று அதட்டினாள். "புது ஆளுங்க, மூஞ்சி பாத்து வச்சிக்கிறேன்" என்றேன். "நல்லா பாத்துக்குங்க, சாயங்காலம் ஏழு மணி ரயில்ல வருவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அதற்குள் பின்னால் இன்னொருவன் ஹாரன் அடித்தான்.